தப்பு நம்மது இல்ல, ஆனா க்ளைம் யார்கிட்ட கேட்கணும்?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பச் சொல்றதையும் இழுவைகளையும் எடுத்துட்டோம்.)

போன எபிசோட்ல டேர்ம் இன்சூரன்ஸ் பத்திப் பேசினப்போ, கடைசியா "கார் க்ளைம் பத்தி ஒரு நாள் சொல்றேன், சொந்தக் கதை இருக்கு"ன்னு சொல்லியிருந்தேன். நிறைய பேர் அதைப் பிடிச்சுக்கிட்டீங்க. சரி, இன்னைக்கு அந்தக் கதை.

போன நவம்பர். நானும் அம்மாவும் ஏற்காடு போயிருந்தோம். நான் சேலத்துக்காரன், வேலை சென்னையில. சேலத்துக்காரங்களுக்கு ஏற்காடுன்னா படகு இல்லம், பகோடா பாயிண்ட் இல்ல, சொந்தக்காரங்க வீடு. எங்க சொந்தம் வாழவந்திப் பக்கம். காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல ஏறியிருக்குற மிளகுக் கொடி, நடுவுல ஒரு வண்டி தாராளமா போகலாம், ரெண்டு வண்டின்னா மூச்சைப் பிடிச்சுக்கணும், அப்படி ஒரு ரோடு. காலையில பனி இன்னும் விலகல. நாங்க மேல ஏறிக்கிட்டு இருக்கோம். எதிர்ல ஒரு எஸ்.யூ.வி. இறங்குது, வளைவுல உள்பக்கமா வெட்டிக்கிட்டு. நான் பிரேக் போட்டு நின்னுட்டேன். அவர் நிக்கல. எங்க வண்டியோட வலது முன்பக்கம் போச்சு. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், பானெட் ஓரம்.

யாருக்கும் ரத்தம் இல்ல. அம்மா கையை ஒரு மாதிரி உதறினாங்க, "ஒண்ணும் இல்லப்பா"ன்னாங்க. அந்த அண்ணன் இறங்கி வந்து நல்லாத்தான் பேசினார். "என் தப்புதான் தம்பி, பிரேக் வழுக்கிடுச்சு." ரெண்டு டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் 5,000 ரூபா எடுத்து நீட்டினார். கூடவே ஒரு வெள்ளைத் தாள். "பேசி முடிச்சுக்கிட்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்ல"ன்னு அதுல எழுதி நான் கையெழுத்துப் போடணும். டீக்கடைக்காரரும் "மலை ரோட்டுல இதெல்லாம் சகஜம் கண்ணு, இங்கயே முடிச்சுக்கோங்க"ன்னார்.

நான் பேனாவை வாங்கிட்டேன். பொய் சொல்லல, வாங்கிட்டேன். அம்மாதான் தடுத்தாங்க. சட்டம் தெரிஞ்சு இல்ல. "என்ன போச்சுன்னே இன்னும் பார்க்கல, அதுக்குள்ள எதுக்குடா காசு வாங்குற?"ன்னாங்க. அவ்வளவுதான். இந்த எபிசோடே அந்த ஒரு கேள்வியாலதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம எல்லாரும் நினைக்கிறது என்ன? அவர் தப்பு, அதனால அவர் இன்சூரன்ஸ் எனக்குக் காசு தரும். படத்துல அப்படித்தான் வரும், அமெரிக்க யூடியூப் வீடியோல அப்படித்தான் சொல்வாங்க. இங்க நடைமுறை வேற. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல, பிரிவு 146 எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்னு சொல்லுது. அந்த பாலிசி நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கும் பொருந்தும், கார் பாலிசியில வழக்கமா 7.5 லட்சம் வரைக்கும். ஆனா அதை வாங்குற வழி ஒரு ஆப்புல க்ளைம் போடுறது இல்ல. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அதாவது கோர்ட். மனு, வக்கீல், வாய்தா. எதிர்த் தரப்பு கம்பெனிக்கு நீங்க கஸ்டமர் இல்ல, அதனால கஸ்டமர் கேர்ல கத்தினாலும் பிரயோஜனம் இல்ல.

அதனால வண்டிச் சேதத்துக்கு நூத்துல தொண்ணூறு பேர் (இது என் குத்துமதிப்பு, சர்வே எல்லாம் இல்ல) செய்றது என்னன்னா, தப்பு யாரோடதா இருந்தாலும் தன்னோட பாலிசியிலயே ஓன் டேமேஜ் க்ளைம் போடுறது. நானும் அதைத்தான் செஞ்சேன். இதுக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கணும். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் வெச்சிருந்தா இந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கு, கோர்ட் ஒண்ணுதான்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. இப்போ புதுக் கார் வாங்கினா மூணு வருஷத்துக்குச் சேர்த்துத் தேர்ட் பார்ட்டி எடுக்கச் சொல்றாங்க இல்லையா, பைக்னா அஞ்சு வருஷம்? அது 2018 செப்டம்பர் 1-ல இருந்து வந்தது, உச்ச நீதிமன்ற உத்தரவு. அந்த வழக்கைப் போட்டவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், கங்கா மருத்துவமனை. நல்ல விஷயம்தான். ஆனா அதுல ஒரு பக்க விளைவு இருக்கு: "என் கார்ல மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நினைச்சுக்கிட்டு ஓன் டேமேஜ் பாகத்தை இரண்டாவது வருஷம் புதுப்பிக்காம விட்டவங்க என் ஆபீஸ்லயே ரெண்டு பேர். அந்த மூணு வருஷம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். உங்க பாலிசியை இப்போவே திறந்து ரெண்டு தேதியையும் பாருங்க, எபிசோடை பாஸ் பண்ணிக்கோங்க பரவாயில்ல.

சரி, கணக்கு. என் வண்டி நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆன ஹேட்ச்பேக், 1,500 சி.சி.க்குக் கீழ. ஜீரோ டெப் கிடையாது, காசு மிச்சம் பிடிக்கிறேன்னு எடுத்து விட்டிருந்தேன். [சிரிப்பு] ஒர்க்‌ஷாப் பில் 46,000. புரியறதுக்காக வரி எல்லாம் உள்ளயே சேர்த்து ரவுண்டா சொல்றேன். பிளாஸ்டிக் பாகங்கள், அதாவது பம்பரும் ஹெட்லைட்டும், 15,000. தகரப் பாகங்கள், ஃபெண்டரும் பானெட்டும், 12,000. லேபர் 7,000. பெயின்ட் 12,000.

பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் தேய்மானம் பாதி, வண்டி வயசு எதுவா இருந்தாலும். அதனால 15,000-க்கு 7,500 தான். தகரத்துக்கு வயசைப் பொறுத்து மாறும்: ஆறு மாசம் வரை எதுவும் இல்ல, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், அப்புறம் 10, 15, 25, நாலுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு 35, அதுக்கு மேல 40, பத்து வருஷம் தாண்டினா 50. எனக்கு 35. 12,000-ல 4,200 போய் 7,800. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்ல, ஆனா என் கண்ணாடி உடையல, என் அதிர்ஷ்டம் அப்படி. லேபர் முழுசா 7,000. பெயின்ட்ல நாலுல ஒரு பங்கு மெட்டீரியல்னு எடுத்துக்கிட்டு அதுல பாதியை வெட்டுவாங்க, 1,500 போய் 10,500. மொத்தம் 32,800. அதுல கட்டாயக் கழிவு 1,000. வண்டி 1,500 சி.சி.க்கு மேலன்னா 2,000. கடைசியா அவங்க கட்டினது 31,800. நான் கட்டினது 14,200.

மலையில இருந்து வண்டியை இறக்கின டோயிங் 4,500. பாலிசியில அதுக்கு உச்ச வரம்பு 1,500. இன்னொரு 3,000 என் கணக்கு. ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா அதுல வந்திருக்கும், ஆனா எத்தனை கிலோமீட்டர்னு பாருங்க, மலை ரோட்டுல அது சீக்கிரம் தீர்ந்துடும்.

இதோட முடியல. என்.சி.பி., நோ க்ளைம் போனஸ். க்ளைம் போடாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்துல 20, 25, 35, 45, கடைசியா 50 சதவீதம் தள்ளுபடி. நான் 45-ல இருந்தேன், அடுத்தது 50. ஒரே க்ளைம், பூஜ்யம். தப்பு எதிராளியோடதுன்னு நிரூபிச்சாலும் பூஜ்யம்தான், ஏன்னா அது உங்க பாலிசியில இருந்து காசு போச்சா இல்லையான்னு மட்டும்தான் பார்க்கும். தள்ளுபடி இல்லாத பிரீமியம் 8,000-னு வெச்சுக்கிட்டா, முதல் வருஷம் 4,000 கூடுதலா கட்டுவேன், அப்புறம் 2,400, 2,000, 1,200, 400. அஞ்சு வருஷத்துல 10,000. வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், அதனால நிஜத்துல கொஞ்சம் கம்மியா வரும். ஆனாலும் தப்பே செய்யாத எனக்கு 14,200, 3,000, இந்த 10,000, ஆக மொத்தம் 27,200 ரூபா செலவு. அந்த 5,000 ரூபா தாளை இப்போ நினைச்சுப் பாருங்க.

ஜீரோ டெப் இருந்திருந்தா தேய்மானம் மட்டும் காணாமப் போயிருக்கும், 13,200. கழிவு, டோயிங், என்.சி.பி. மூணும் அப்படியே இருக்கும். "பம்பர் டு பம்பர்"னு சொல்றதும் இதைத்தான். 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் புது வண்டிக்கும் அஞ்சு வருஷம் பம்பர் டு பம்பர் கட்டாயம்னு ஒரு உத்தரவு போட்டு, நியூஸ் எல்லாம் பரபரப்பாச்சு. அடுத்த மாசமே அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. இன்னும் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருக்கு. கட்டாயம் இல்ல, நீங்களா எடுத்தாத்தான்.

அப்போ அந்த 27,200-ஐ எதிராளிகிட்ட கேட்க முடியாதா? முடியும். உங்க கம்பெனி கட்டின 31,800-ஐ நீங்க மறுபடியும் கேட்க முடியாது, ஒரே சேதத்துக்கு ரெண்டு தடவை காசு கிடையாது. அந்தத் தொகையைத் துரத்துற உரிமை உங்க கம்பெனிக்குப் போயிடும், ஆங்கிலத்துல சப்ரொகேஷன்னு சொல்றது. சின்னத் தொகைக்கு அவங்க மெனக்கெடுறதில்ல, அது வேற விஷயம். ஆனா பாலிசி தராம விட்ட பாக்கியை நீங்க எதிராளிகிட்ட நேராவோ தீர்ப்பாயத்துலயோ கேட்கலாம். நான் நேராக் கேட்டேன். பில், செட்டில்மென்ட் லெட்டர் ரெண்டையும் அனுப்பி, "அண்ணே, இது என் கைக்காசு"ன்னேன். டோயிங்கையும் சேர்த்து 17,200-க்கு ஒத்துக்கிட்டார். என்.சி.பி. கணக்கு அவருக்குப் புரியல, நானும் விட்டுட்டேன். அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா இந்தப் பேச்சே நடந்திருக்காது. அதைவிட, "கோரிக்கை இல்ல"ன்னு எழுதிக் கொடுத்துட்டா என் கம்பெனியோட துரத்துற உரிமையையும் நானே அழிச்ச மாதிரி. அதைக் காட்டி என் க்ளைமையே மறுக்கலாம்.

இப்போ முக்கியமான பகுதி. மூணாவது நாள், சென்னை. அம்மாவால தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியல. எக்ஸ்ரே எடுத்தா மணிக்கட்டுல முறிவு.

டாக்டர் கேட்டார், "எப்படி ஆச்சு?" அம்மா, "கீழ விழுந்துட்டேன்"னாங்க! போலீஸ், கேஸ்னு என்னை அலைய விடக் கூடாதுன்னு. நம்ம வீட்டுல எல்லாரும் இதைத்தான் செய்வாங்க. நான் குறுக்க பேசி, சாலை விபத்து, இந்தத் தேதி, இந்த இடம்னு சொல்லி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல எழுத வெச்சேன். ஏ.ஆர். காப்பின்னு சொல்வாங்க, அரசு மருத்துவமனையில கேட்டாலே தெரியும். பின்னாடி "காயம் இந்த விபத்துலதான் வந்துச்சா?"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது முதல்ல திறக்கிற தாள் அது. அதுல "கீழ விழுந்தார்"னு இருந்தா கதை முடிஞ்சது.

ஒரு காயம் வந்ததும் சட்டத்தோட முகமே மாறிடுது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், அது மயிரிழை முறிவா இருந்தாலும். பிரிவு 164, 2022 ஏப்ரல் 1-ல இருந்து இப்போதைய வடிவத்துல இருக்கு: விபத்துல இறப்புன்னா 5 லட்சம், கொடுங்காயம்னா 2.5 லட்சம், யார் தப்புன்னு நிரூபிக்கவே வேண்டாம். அதுக்கு மேல நஷ்டம் இருக்குன்னா பிரிவு 166, அங்க தப்பை நிரூபிக்கணும், தொகைக்கு உச்ச வரம்பு இல்ல. ரெண்டுல ஒண்ணுதான். 164 தொகையை வாங்கிக்கிட்டா 166 மனு காலாவதி.

அம்மா பயணி. அவங்களுக்கு என் தப்பு எவ்வளவு, அவர் தப்பு எவ்வளவுங்கிற சண்டையே தேவையில்ல, எந்த வண்டி மேலயும் முழுசாக் கேட்கலாம். இன்னொண்ணு, நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது என்னை மட்டும்தான் கட்டியிருக்கும். அம்மாவோட உரிமையை எழுதிக் கொடுக்க நான் யாரு? ஆனா அந்தத் தாளைக் காட்டி எதிர்த்தரப்பு எவ்வளவு குழப்பியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

விபத்து அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தேன், வண்டிச் சேதம் மட்டும்னு. அங்க இருந்த ஏட்டு பொறுமையா எழுத வெச்சார். எக்ஸ்ரே வந்ததும் மறுபடி போய் எஃப்.ஐ.ஆர். ஆச்சு. ஏன் நாலு நாள் தாமதம்னா, முறிவு அப்போதான் தெரிஞ்சது, சி.எஸ்.ஆர். முதல் நாளே இருக்கு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தா அதை மட்டும் வெச்சு க்ளைமைத் தள்ள மாட்டாங்க. எஃப்.ஐ.ஆர். ஆனதும் போலீஸ் 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கையும், 50 நாள்ல இடைக்கால அறிக்கையும், 90 நாள்ல விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும்னு 2022-ல விதி வந்திருக்கு. ஸ்டேஷன்ல பணிவா, ஆனா பெயர் சொல்லிக் கேளுங்க.

தப்பு யாரோடதுன்னு எப்படி முடிவாச்சு? மலை ரோட்டுல ரெண்டு வண்டி போற அகலம் இல்லைன்னா, இறங்குற வண்டி ஓரமா நின்னு ஏறுற வண்டிக்கு வழி விடணும். இது மரியாதை இல்ல, விதி. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் தலைகீழா ஓட்டுறோம். நான் வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோக்கள் அதைக் காட்டுச்சு: ரெண்டு வண்டியோட டயர் திரும்பியிருந்த கோணம், ரோட்டோட ரெண்டு ஓரமும் தெரியற மாதிரி ஒண்ணு, சரிவு எந்தப் பக்கம்னு தெரியற மாதிரி தூரத்துல இருந்து ஒண்ணு. பம்பர் க்ளோசப் மட்டும் பதினாலு எடுத்தா அதுல இருந்து எதுவும் தெரியாது. ப்ரொடக்‌ஷன்ல பக் வந்தா முதல்ல லாக் எடுப்போம், அப்புறம்தான் ரீஸ்டார்ட். அதேதான்.

அவர் வண்டி நம்பரை எம்-பரிவாகன்ல போட்டா இன்சூரன்ஸ் கம்பெனியும் செல்லுபடித் தேதியும் வந்துடும். நான் டீக்கடையிலயே பார்த்தேன். காலாவதியா இருந்தா அப்போவே ஸ்டேஷனுக்குப் போங்க, பேச்சுவார்த்தையே வேண்டாம். நிக்காமப் போயிட்ட வண்டின்னா வேற திட்டம்: நம்பர் தெரியாத வண்டின்னா இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000, கோட்டாட்சியர் அலுவலகத்துல மனு கொடுக்கணும்.

கால அவகாசம். 166-க்கு விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு. 1994-ல இந்தக் கெடுவையே எடுத்துட்டாங்க, 2019 திருத்தத்துல மறுபடி கொண்டுவந்தாங்க, 2022 ஏப்ரல்ல இருந்து அமல். இதை எதிர்த்து வழக்குகள் இருக்கு. அதை நம்பிக்கிட்டு உட்காராதீங்க. எங்க போடணும்? விபத்து நடந்த இடம்னு கட்டாயம் இல்ல, நீங்க குடியிருக்குற இடத்துலயும் போடலாம். எங்களுக்கு சென்னை.

உங்க சொந்தக் கம்பெனி இழுத்தடிச்சா? ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயர், 15 நாள்ல அறிக்கை, அதுக்கப்புறம் 7 நாள்ல முடிவு. சேதம் 50,000-க்குக் கீழன்னா லைசென்ஸ் சர்வேயரே கட்டாயம் இல்ல, எனக்கு வீடியோ காலில் முடிச்சாங்க. அதுக்கு அப்புறமும் சரியா வரலைன்னா கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல புகார், ஒரு மாசம் பாருங்க, அப்புறம் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்குச் சென்னையில இருக்கு, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும். ஆனா உங்க கம்பெனி மேல மட்டும். எதிராளி கம்பெனி மேல அங்க போக முடியாது.

ஒண்ணு விட்டுட்டேன், இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். பெரிய காயம்னா காசைப் பத்தி யோசிக்காம 108. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துன்னா நீங்க எந்த ஊர்க்காரரா இருந்தாலும், பட்டியல்ல இருக்குற மருத்துவமனைகள்ல முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு கட்டும். இன்னுயிர் காப்போம் திட்டம், 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு.

அம்மா விஷயம் எங்க நிக்குதுன்னு கேட்பீங்க. கட்டு பிரிச்சாச்சு, கை முழுசா இன்னும் திரும்பல. மனு நாலாவது மாசமே போட்டாச்சு. எதிர்த்தரப்புக் கம்பெனி 164-ல முடிச்சுக்கலாமான்னு கேட்குது. அம்மாவுக்கு வாங்கிட்டு விட்டுடலாம்னு இருக்கு. பிசியோதெரபி இன்னும் எத்தனை மாசம்னு டாக்டர் அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லியிருக்கார், அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு நான் சொல்லியிருக்கேன். எண்ணிப் பார்க்காம காசு வாங்க வேண்டாம்னு சொன்னதே அவங்கதான்.